ஒரே கை... ரெண்டு பந்து!

135-0.

இந்த எண்ணைக் கொஞ்ச நேரம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பனிங் ஜோடி இன்னும் அவுட்டாகவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். இது கிரிக்கெட் ஸ்கோர் இல்லை. அமெரிக்கக் காலேஜ் பேஸ்கட்பால் கணக்கு.

மார்ச் மாதம் வந்தால் அமெரிக்காவுக்கு ஒரு காய்ச்சல் வரும். 'மார்ச் மேட்னஸ்' என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க உள்ள ஆண்கள் காலேஜ் டீம்களில் 68-ஐப் பொறுக்கி எடுத்து, நாலு பிரிவாகப் பிரித்து, பிரிவுக்கு ஒன்று முதல் பதினாறு வரை நம்பர் கொடுத்து மோதவிடுவார்கள். ரன் ரேட் கணக்கு, மறுவாய்ப்பு, மழை வந்தால் ஆளுக்கொரு பாயின்ட்... எதுவும் கிடையாது. ஒரு மேட்ச் தோற்றால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆபீஸ் ஆபீஸாக, யார் ஜெயிப்பார்கள் என்று தாளில் கட்டம் நிரப்பிப் பந்தயம் கட்டுவார்கள். ஒபாமா ஜனாதிபதியாக இருந்தபோது அவரே வருஷா வருஷம் டி.வி-யில் கட்டம் நிரப்பிக் காட்டுவார்!

முதல் சுற்றில் ஒண்ணாம் நம்பரோடு மோதுவது பதினாறாம் நம்பர். யானையோடு பூனைக்குட்டி மாதிரி. 64 டீம் முறை 1985-ல் வந்தது. அதிலிருந்து 2018 மார்ச் நடுப்பகுதி வரை இப்படி 135 மேட்ச். 135-லும் யானைதான் ஜெயித்தது.

அந்தக் கணக்கு உடைந்த ராத்திரி நான் அமெரிக்காவில் இருந்தேன். ஸ்டேடியத்தில் இல்லை. மாப்பிள்ளை வீட்டு சோபாவில்.

மகளுக்குப் பிரசவம் என்று நானும் மனைவியும் ஆறு மாச விசாவில் போயிருந்தோம். வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் வீடு. மாப்பிள்ளை எம்.எஸ். படித்தது சார்லட்ஸ்வில் என்ற ஊரில் இருக்கிற வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில். சாதாரணமாக அதிர்ந்து பேசாத மனிதர். ஆனால், காலேஜ் டீம் ஆடுகிறது என்றால் ஆரஞ்சு கலர் சட்டையை மாட்டிக்கொண்டு வேறு ஆளாகிவிடுவார்.

அந்த வருஷம் அவர் அப்படி ஆனதில் நியாயம் இருந்தது. சீசன் ஆரம்பத்தில் வர்ஜீனியாவை யாரும் பொருட்படுத்தவில்லை. தங்கள் லீகிலேயே ஆறாவது இடத்துக்குத்தான் வருவார்கள் என்று கணித்திருந்தார்கள். அந்த டீம் 33 மேட்ச்சில் 31 ஜெயித்து, லீகையும் ஜெயித்து, 68 டீம்களுக்கும் தலையாக நின்றது. கோச் டோனி பென்னட்டின் ரகசியம், தடுப்பாட்டம். எதிரியைக் கூடைப் பக்கமே அண்டவிடாமல் ஐந்து பேரும் நெருக்கி நின்று கதவைச் சாத்துகிற ஆட்டம். அவருடைய அப்பா டிக் பென்னட்டும் கோச். அவர் உருவாக்கிய முறை அது. பார்க்க அவ்வளவு விறுவிறுப்பாக இருக்காது. 'தூக்கம் வருது' என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. ஆனால், ஒரு மேட்ச்சில் வர்ஜீனியா எதிரிக்கு விட்டுக்கொடுத்தது சராசரியாக 54 புள்ளி. நாட்டிலேயே அதுதான் குறைவு.

எதிரில் யார்? யு.எம்.பி.சி. பக்கத்து மாநிலமான மேரிலாந்தில், பால்டிமோர் ஓரத்தில் இருக்கிற பல்கலைக்கழகம். செஸ் டீமுக்காக அதிகம் பேசப்பட்ட இடம்! அந்த ஜனவரியில்தான் ஆல்பனி என்ற டீமிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கியிருந்தார்கள்.

2018 மார்ச் 16, வெள்ளிக்கிழமை ராத்திரி. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு சேலத்துக்காரர். அவர் எம்.எஸ். முடித்தது அதே யு.எம்.பி.சி-யில்!

"நான் மேட்ச் பாக்க வரலை சார். அம்மா கையால மிளகாப்பொடி இட்லின்னாங்க, அதான் வந்தேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தட்டோடு ஓரமாக உட்கார்ந்தார்.

இன்னொரு விஷயம். மாடியில் ஐந்து வாரக் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "யாராவது கத்தினீங்கன்னா டி.வி-யை ஆஃப் பண்ணிடுவேன்" என்பது மகளின் உத்தரவு. ஆகவே, அமெரிக்க விளையாட்டு சரித்திரத்தின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றை நான் பார்த்தது முழுக்க முழுக்க மௌனமாக.

பாதி ஆட்டம் முடிந்தபோது 21-21.

"வழக்கமா இப்படித்தான் மாமா. நம்ம டீம் மெதுவாத்தான் சூடு பிடிக்கும்" என்றார் மாப்பிள்ளை.

இடைவேளைக்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? யு.எம்.பி.சி-யின் ஜைரஸ் லைல்ஸ் எங்கிருந்து வீசினாலும் பந்து கூடைக்குள் போனது. அன்றைக்கு மொத்தம் 28 புள்ளி அவருக்கு. வர்ஜீனியாவின் டியாண்ட்ரே ஹன்ட்டர் மணிக்கட்டு உடைந்து வெளியே உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் வீசியது எல்லாம் வளையத்தில் பட்டுப் பட்டுத் தெறித்தது. மேட்ச் முழுக்கச் சேர்த்து 54 புள்ளி கொடுக்கிற டீம், இரண்டாவது பாதியில் மட்டும் 53 புள்ளி கொடுத்தது. 74-54. இருபது புள்ளி வித்தியாசம். தோற்றதுகூடப் பரவாயில்லை, இப்படியா?

சோபாவில் யாரும் பேசவில்லை. சேலத்துக்காரர் மட்டும் சமையலறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமே வராமல் இரண்டு கையையும் தூக்கி ஆடிவிட்டு வந்தார். தண்ணீர் குடிக்கப் போன நான் பார்த்துவிட்டேன். "சாரி சார்" என்றார். "எதுக்குங்க சாரி? ஆடுங்க" என்றேன். அவருக்கும் அது வாழ்நாளில் ஒரு தரம்தானே!

135-1.

சரித்திரத்தில் அந்த '1' எப்போதும் இருக்கும். அதன் பக்கத்தில் வர்ஜீனியா என்ற பெயரும்.

* * *

தோற்ற டீமைப் பற்றித்தான் எனக்கு யோசனை. ஜெயித்த யு.எம்.பி.சி. இரண்டு நாள் கழித்து அடுத்த மேட்ச்சில் கன்சாஸ் ஸ்டேட்டிடம் 50-43 என்று தோற்று, கௌரவமாக ஊருக்குப் போய்விட்டது. இவர்கள் எங்கே போவார்கள்? இருபது, இருபத்தொரு வயசுப் பையன்கள். நாடே சிரிக்கிறது. கொலை மிரட்டல்கூட வந்ததாம், ஒரு பந்து விளையாட்டுக்கு.

மேட்ச் முடிந்ததும் நிருபர்கள் கூட்டம். பென்னட் வந்தார். நடுவர் சரியில்லை, ஹன்ட்டர் இல்லை, ராசி இல்லை என்று எதுவும் சொல்லவில்லை. அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள், எங்களை முழுசாக அடித்துவிட்டார்கள் என்றார். அவ்வளவுதான். மாப்பிள்ளை அதையும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் டி.வி-யை அணைத்தார்.

அந்தக் கோடையில் பென்னட்டின் மனைவி அவருக்கு ஒரு டெட் பேச்சைக் காட்டியிருக்கிறார். சார்லட்ஸ்வில்லிலேயே பேசப்பட்டது. பேசியவர் டொனால்ட் டேவிஸ் என்ற கதைசொல்லி. சின்ன வயசில் கோடரி பட்டுக் கால் ஊனமான தன் அப்பாவைப் பற்றிய கதை. சாராம்சம் இதுதான்: நடந்ததை மாற்ற முடியாது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அதற்கும் நமக்கும் உள்ள உறவு மாறும். கஷ்டத்தைச் சரியாகக் கையாளத் தெரிந்தால், வேறு எந்த வழியிலும் போக முடியாத ஓர் இடத்துக்கு அதுவே டிக்கெட்.

பென்னட் இதைப் பிடித்துக்கொண்டார். டீமுக்குச் சொன்னார். அடுத்த சீசன் முழுக்க எந்த நிருபர் அந்தத் தோல்வியைப் பற்றிக் கேட்டாலும் 'அதை விடுங்க, அடுத்த கேள்வி' என்று அவர் நழுவவில்லை.

கைல் கை என்று ஒரு பையன். பெயரே 'கை'. அபாரமான ஷூட்டர். தனக்கு மனப்பதற்றம் உண்டு, அதற்குச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன் என்று அவன் ஃபேஸ்புக்கில் பகிரங்கமாக எழுதினான். அது மட்டுமில்லை. யு.எம்.பி.சி. ஆட்கள் பின்னால் குதித்துக் கொண்டாட, முன்னால் தான் குனிந்து நிற்கிற போட்டோவை எடுத்துத் தன் செல்போன் முகப்பில் வைத்துக்கொண்டான்.

நம் வீடுகளில் அந்த மாதிரி போட்டோவை என்ன செய்வோம்? பரண் மேலே போட்டுவிடுவோம். கேட்டால், "அன்னிக்கு கேமரா ரிப்பேர்" என்போம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்த ஜூலையில் மாப்பிள்ளைக்கு வேலை போனது.

நாங்கள் சென்னை திரும்பி ஒரு மாசம்கூட ஆகவில்லை. கம்பெனியில் ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் 60 நாள்தான் கெடு. அதற்குள் வேறொரு கம்பெனி இவருக்காக மனு போட வேண்டும். இல்லாவிட்டால் வீடு, கார், கைக்குழந்தையின் தொட்டில் எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டும்.

என் மனைவி முதலில் சொன்னது: "என்னங்க, இது நம்ம நாலு பேரைத் தாண்டிப் போகக் கூடாது. கல்யாணத்துல எல்லாரும் 'அமெரிக்கா மாப்பிள்ளை'ன்னு எப்படிப் பேசினாங்க, ஞாபகம் இருக்கில்ல?"

அவள் சொன்னதில் தப்பில்லை. நம் ஊரில் ஒரு குடும்பத்தின் தோல்வி என்பது தனிச் சொத்து இல்லை. கிளை கிளையாகப் பங்கு பிரித்துக்கொண்டு எல்லோரும் பேசுவார்கள். அதற்கு பயந்து ஒரு பெரிய ரகசியக் காப்பு அமைப்பே நடத்துகிறோம். ப்ளஸ் டூ மார்க்கா, "பரவால்லை, ஓரளவு" என்போம். சி.ஏ. இன்னும் முடிக்கவில்லையா, "ஆடிட்டர்கிட்ட இருக்கான்" என்போம். கல்யாணம் முறிந்ததா, "பொண்ணு லீவுக்கு வந்திருக்கா."

ஆனால், அன்று சாயங்காலமே மகளிடமிருந்து போன்.

"அப்பா, உங்க மாப்பிள்ளை என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? தமிழ்ச் சங்க குரூப், காலேஜ் குரூப், கோயில் குரூப்னு ஒண்ணு விடாம 'எனக்கு இன்னிக்கு வேலை போச்சு, 60 நாள் இருக்கு, ஏதாவது இருந்தா சொல்லுங்க'ன்னு மெசேஜ் போட்டுட்டார். ஊரெல்லாம் தண்டோரா போடணுமாப்பா?"

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ஏன் மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"மாமா, மறைச்சா நான் ரெண்டு வேலை பாக்கணும். ஒண்ணு, வேலை தேடுறது. இன்னொண்ணு, நடிக்கிறது. எனக்கு 60 நாள்தான் இருக்கு. நடிக்க டைம் இல்லை."

பேஸ்கட்பாலைப் பற்றி அவர் அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் அந்த ராத்திரி கடைசி வரை பார்த்த நிருபர்கள் கூட்டம் எனக்குத்தான் ஞாபகம் வந்தது.

சேலத்துக்காரர் தன் கம்பெனியில் இரண்டு இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பி வைத்தார். இரண்டும் சரிவரவில்லை. ஐம்பத்தோராவது நாள், முன்பின் தெரியாத ஒருவர் மூலம் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. போய்வர மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். கிடைத்தது.

* * *

இனி, 2019.

அந்த சீசனில் வர்ஜீனியா போன வெளியூர்களில் எதிரணி மாணவர்கள் 'யு-எம்-பி-சி' என்று கோரஸ் பாடினார்கள். கூட்டாகச் சேர்ந்து காயத்தில் மிளகாய்ப்பொடி தூவுகிற வேலை. பென்னட் தாக்குதலில் சில மாற்றங்கள் செய்தார். ஆனால், தூக்கம் வருகிறது என்று சிரிக்கப்பட்ட அந்தத் தடுப்பாட்டத்தைக் கைவிடவில்லை. டியூக்கிடம் இரண்டு தடவை, ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் ஒரு தடவை, மூன்றே தோல்வியோடு மார்ச்சுக்குள் வந்தார்கள். மறுபடியும் ஒண்ணாம் நம்பர். முதல் சுற்றில் மறுபடியும் ஒரு பதினாறாம் நம்பர், கார்ட்னர்-வெப்.

ஆரம்பத்திலேயே 14 புள்ளி பின்தங்கினார்கள்!

அந்த நிமிஷம் வர்ஜீனியா ரசிகர்களின் ரத்த அழுத்தத்தை யாராவது அளந்திருந்தால் மிஷின் உடைந்திருக்கும். இடைவேளையில் 36-30, கார்ட்னர்-வெப் முன்னிலை. போன வருஷம் அதே நேரத்தில் 21-21. இப்போது அதைவிட மோசம். ஆனால், முந்தின வருஷம் உடைந்த இடத்தில் இந்த வருஷம் உடையவில்லை. மெதுவாக, அவசரப்படாமல், கதவைச் சாத்தினார்கள். 71-56.

அடுத்து ஓக்லஹோமா, அதற்கடுத்து ஓரிகன். பிறகு, பர்டியூ.

பர்டியூ மேட்ச்சை நான் பார்த்தது சென்னையில், ஞாயிற்றுக்கிழமை காலை, காபியோடு. மாப்பிள்ளை வீடியோ காலில் போனை டி.வி. பக்கம் திருப்பி வைத்திருந்தார். நடுநடுவே பேத்தி வந்து திரையை மறைத்துவிட்டுப் போனாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

பர்டியூவில் கார்ஸன் எட்வர்ட்ஸ் என்ற பையன் தனி ஆளாக 42 புள்ளி அடித்தான். ஒரு மனிதனால் இப்படியும் வீச முடியுமா என்று இருந்தது. முடிய ஆறு செகண்ட்கூட இல்லை. பர்டியூ 70, வர்ஜீனியா 67. டை ஜெரோமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது உள்ளே போனது. இரண்டாவது தவறியது. கதை முடிந்தது என்று நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

வளையத்தில் பட்டு வந்த பந்தை மமாடி டியாகிட்டே தட்டிவிட்டார். அது பின்பக்கமாக, மைதானத்தின் பாதிக் கோட்டைத் தாண்டி உருண்டு ஓடியது. அதைத் துரத்திக்கொண்டு ஓடினான் கிஹேய் கிளார்க். முதல் வருஷப் பையன். ஐந்தடி ஒன்பது அங்குலம். பேஸ்கட்பால் உலகத்தில் அது குள்ளம். பந்தை எடுத்துத் திரும்பினான். அங்கிருந்தே கூடையை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு வீசுவான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவன் வீசவில்லை. ஏறக்குறைய நாற்பது அடி தூரத்தில், கூடைக்குப் பக்கத்தில் நின்ற டியாகிட்டேவுக்கு நேர்கோட்டில் பாஸ் கொடுத்தான். டியாகிட்டே வாங்கின வேகத்தில் எறிந்தார். பந்து அவர் கையைவிட்டுப் பிரிந்த பிறகுதான் கடிகாரம் அணைந்தது. உள்ளே!

70-70. கூடுதல் நேரத்தில் 80-75.

அரையிறுதி, ஆபர்னோடு. இரண்டு புள்ளி பின்னால். 0.6 செகண்ட் மிச்சம் இருக்கும்போது கைல் கை மீது ஃபவுல். மூன்று ஃப்ரீ த்ரோ. எழுபதாயிரம் பேருக்கு மேல் உட்கார்ந்திருந்த மினியாபொலிஸ் ஸ்டேடியம். மனப்பதற்றம் உண்டு என்று ஊரறியச் சொன்ன அதே பையன் கோட்டில் வந்து நிற்கிறான். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றும் உள்ளே. 63-62. பயமே இல்லை என்று அவன் பிறகு கதை விடவில்லை. பயந்துபோய்த்தான் இருந்தேன் என்றான்.

ஏப்ரல் 8, இறுதிப் போட்டி, டெக்ஸாஸ் டெக். மறுபடியும் மூன்று புள்ளி பின்னால், மறுபடியும் சில செகண்டுகள். இந்த முறை மூலையில் இருந்து மூன்று புள்ளி அடித்துச் சமன் செய்தது யார் தெரியுமா? டியாண்ட்ரே ஹன்ட்டர். போன வருஷம் மணிக்கட்டு உடைந்து உட்கார்ந்திருந்தவர். கூடுதல் நேரத்தில் வர்ஜீனியாவுக்குக் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோவும் உள்ளே. 85-77. ஹன்ட்டருக்கு 27 புள்ளி. வர்ஜீனியாவின் முதல் சாம்பியன் பட்டம். சீசன் முழுக்க 35 வெற்றி, 3 தோல்வி.

போன் திரையில் மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தார். "அப்பாவுக்கு என்னாச்சு?" என்கிற மாதிரி பேத்தி அவர் முகத்தைத் தட்டிப் பார்த்தாள்.

* * *

சினிமா என்றால் இங்கே 'சுபம்' போட்டுவிடலாம். சுயமுன்னேற்றப் புத்தகம் என்றால், 'தோல்வியே வெற்றியின் முதல் படி' என்று தலைப்பு வைத்து அச்சுக்கு அனுப்பிவிடலாம். எனக்கு இந்த இடத்தில்தான் சங்கடம்.

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஜெரோம் தவறவிட்ட பந்து டியாகிட்டேவின் விரலில் பட்டு இரண்டடி தள்ளிப் போயிருந்தால்? ஆபர்ன் மேட்ச்சின் கடைசி நொடிகளில் ஜெரோம் பந்தை இரண்டு தடவை ட்ரிபிள் செய்தார். விதிப்படி அது தப்பு. நடுவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால்? ஹன்ட்டரின் பந்து வளையத்தில் அரை அங்குலம் இடித்திருந்தால்?

அதே பென்னட். அதே டெட் பேச்சு. அதே போட்டோ கைல் கையின் செல்போனில். எல்லாம் அப்படியே இருந்திருக்கும், கோப்பை மட்டும் இருந்திருக்காது. 'பாவம், இந்த டீமுக்கு மார்ச் ராசி கிடையாது' என்று எழுதியிருப்பார்கள். தோல்வியிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டது அப்போது பொய்யாகிவிடுமா?

நான் கதை கட்டிச் சொல்லவில்லை. இதற்குச் சாட்சி இருக்கிறது. அந்தக் குள்ளப் பையன், கிஹேய் கிளார்க்.

கிளார்க் ஐந்து சீசன் வர்ஜீனியாவுக்கு ஆடினான். பாஸ் கொடுத்துக் கூடை அடிக்க வைப்பதில் அந்தக் காலேஜின் சரித்திரத்திலேயே முதலிடம் பிடித்தான். 2023 மார்ச் 16. தேதியைக் கவனியுங்கள், யு.எம்.பி.சி. ராத்திரிக்குச் சரியாக ஐந்து வருஷம். வர்ஜீனியா நாலாம் நம்பர், எதிரில் பதின்மூன்றாம் நம்பர் ஃபர்மன். சில செகண்டுகள் மிச்சம், 67-65 என்று வர்ஜீனியா முன்னிலை. பந்து கிளார்க் கையில். மூலையில் இரண்டு பேர் அவனை மடக்கினார்கள். அவன் பந்தை நீளமாகத் தூக்கி எறிந்தான்.

அது நேராக ஃபர்மன் ஆள் கைக்குப் போனது. அங்கிருந்து ஜே.பி. பெகீஸ் கைக்கு. அங்கிருந்து கூடைக்கு. மூன்று புள்ளி. 68-67. வர்ஜீனியா வெளியே. கிளார்க்கின் கல்லூரி வாழ்க்கை அந்தப் பந்தோடு முடிந்தது.

ஒரே கை. அவசரத்தில், நெருக்கடியில், நீளமாக எறிந்த ரெண்டு பந்து. ஒன்று அவனை அமரனாக்கியது. இன்னொன்று அவனைத் தலையில் கைவைத்து நிற்க வைத்தது. இரண்டுக்கும் நடுவில் கிளார்க் ஒன்றும் மடையனாகிவிடவில்லை. முன்பைவிட அனுபவசாலிதான் ஆகியிருந்தான்.

அடுத்த நாளே இன்னொரு வேடிக்கை. மார்ச் 17 அன்று, ஆண்கள் போட்டியில் இரண்டாவது தடவையாக ஒரு பதினாறாம் நம்பர் ஒண்ணாம் நம்பரைச் சாய்த்தது. ஃபேர்லி டிக்கின்ஸன் 63, எதிரணி 58. அந்த எதிரணி, நாலு வருஷம் முன்பு கிளார்க்கின் பாஸால் வீட்டுக்குப் போன அதே பர்டியூ!

பர்டியூவும் ஓடி ஒளியவில்லை. கோச் மாட் பெயின்ட்டர் அதே இடத்தில் நின்றார். அடுத்த வருஷம், 2024-ல், அதே டீம் ஒவ்வொரு சுற்றாக ஏறி இறுதிப் போட்டி வரை வந்தது. தேதி மறுபடியும் ஏப்ரல் 8. வர்ஜீனியா கதை அச்சு அசலாகத் திரும்ப நடக்கப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

கனெக்டிகட் 75, பர்டியூ 60.

கோப்பை இல்லை. அதனால் பர்டியூ கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை. வர்ஜீனியா கதையைத்தான் சொல்கிறார்கள். எனக்கு என்னவோ இரண்டும் ஒரே கதையாகத்தான் படுகிறது. ஒன்றில் கடைசிப் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி, அவ்வளவுதான்.

மாப்பிள்ளைக்கு அந்த ஐம்பத்தோராவது நாள் போன் வராமல் இருந்திருந்தால், 2018 செப்டம்பரில் கைக்குழந்தையோடு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியிருப்பார்கள். உறவுக்காரர்கள் உச் கொட்டியிருப்பார்கள். 'ஊரெல்லாம் சொன்னான், என்ன பிரயோஜனம்?' என்று கேட்டிருப்பார்கள். பிரயோஜனம் இருந்திருக்கும். வந்து இறங்குகிற மனுஷன், 60 நாள் நடித்துக் களைத்துப்போன மனுஷனாக இருந்திருக்க மாட்டார். அதுவே பெரிய விஷயம்.

பென்னட் 2024 அக்டோபரில், புது சீசன் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, போதும் என்று ஓய்வு பெற்றுவிட்டார். அவர் பெயரைத் தேடினால் இரண்டு எண்களும் சேர்ந்தே வரும். 85-77-ம் வரும், 74-54-ம் வரும். ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள அவர் கேட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு 74-54 இருக்கும். எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அடுத்த வருஷம் கோப்பை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பரண் மேல் போட்டு வைத்திருப்பீர்கள். கோப்பை வரலாம், வராமலும் போகலாம். அது பாதி, பந்து வளையத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்பதைப் பொறுத்தது.

சொல்வதற்கு அதுவரை காத்திருக்க வேண்டாம்.